முகம் கறுத்துப் போகிறதா? காமிராவுக்குள் ஒரு கணக்கு!

மும்பைக்குப் பிழைக்க வந்தவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் "கேட்வே ஆப் இந்தியா"வுக்குத்தான்! அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினால்தான் மனசு ஆறும்.

காலையில் எடுத்த படம் என்றால் ஊரில் இருந்து வரும் பதில் இதுதான்: "கட்டிடம் தெரியுது. உன் முகம் எங்கேப்பா?"

காலையில் சூரியன் கடல் பக்கம், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பளபளக்கும் வானத்தைப் பார்த்த காமிரா, "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. முகம் கறுத்துப் போகிறது.

இதைக் கண்டுபிடிக்க காமிராவிலேயே ஒரு வழி இருக்கிறது. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது "இன்போ" அல்லது "டிஸ்ப்ளே" பொத்தானை அழுத்துங்கள். மலை போல ஒரு உருவம் வரும். அதுதான் "ஹிஸ்டோகிராம்". (புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் வைத்த பெயர்.) சில செல்போன்களிலும் இது உண்டு.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். எந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பட்டைப்படம் போடுவது இல்லையா? அது போல, படத்தில் உள்ள புள்ளிகளை வெளிச்சவாரியாக எண்ணிய கணக்கு இது. இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. புள்ளிகள் எங்கே அதிகமோ அங்கே மலை உயரும்.

திரையைப் பார்த்தாலே போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாதுங்காவில் நண்பர் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் உச்சி வெயில். அந்த வெயிலில் காமிராவின் திரை மங்கலாகத் தெரிந்தது. படமே மங்கல் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டேன். வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தால், பெண்ணின் தகப்பனார் கட்டியிருந்த பட்டு வேட்டியில் மடிப்பும் இல்லை, ஜரிகையும் இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம்!

மலை வலது சுவரில் முட்டி நின்றது. முட்டிய இடத்தில் விவரம் எதுவும் பதிவாகவில்லை. இருட்டான படத்தையாவது பிறகு ஓரளவு தூக்கி நிறுத்தலாம், கொஞ்சம் பொரிப்பொரியாக வரும். பொசுங்கிய வெள்ளையை மீட்க முடியாது.

முகூர்த்தப் பட்டு கட்டிய பெண்ணை எடுக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி மலை காட்டும் காமிராக்கள் உண்டு. மற்ற இரண்டும் சரியாக இருக்க, சிவப்பு மட்டும் சுவரில் முட்டும். புடவையின் மடிப்புகள் ஒரே செந்தூரமாய் அப்பிவிடும்.

முட்டினால், பிளஸ்-மைனஸ் குறியிட்ட பொத்தானில் 0.3 அல்லது 0.7 குறைத்து மறுபடி எடுங்கள். செல்போனில் திரையைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

மலை நடுவில்தான் நிற்கவேண்டும் என்பது இல்லை. இரவில் மெரைன் டிரைவை எடுத்தால் அது இடது பக்கம்தான் குவியும். இரவு இரவாகத்தானே இருக்கவேண்டும்!

மறுபடி கேட்வேக்கு வருவோம். காலையில் போனால் முகம் தெளியும் வரை பிளஸ் பக்கம் கூட்டுங்கள். வானம் வலது சுவரில் முட்டும். முட்டட்டும். அம்மா வானத்தையா கேட்கிறாள்?

வானமும் வேண்டும் என்றால் பிற்பகலில் போங்கள். அப்போது சூரியன் உங்கள் முகத்துக்கு நேராக வந்திருக்கும்.