டயாலிசிஸ் நோயாளிக்கு வலிப்பு மருந்து: முன்னேயா, பின்னேயா?

தில்லியில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து இங்கே வைத்தியம் பார்க்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, ஃபிட்ஸும் வருகிறது. மாத்திரையை டயாலிசிஸுக்கு முன்னே கொடுக்கலாமா, பின்னே கொடுக்கலாமா?" எல்லா மாத்திரைக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. காரணத்தைச் சொல்கிறேன்.

மருந்து உடலை விட்டு வெளியேற முக்கியமான வழிகள் இரண்டு: கல்லீரல், சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானால் அதன் வழியே போக வேண்டிய மருந்து உடலில் தேங்கும். டயாலிசிஸ் இயந்திரம் இரத்தத்தைச் சலிக்கிறது. அந்தச் சல்லடைக்குக் கழிவு எது, மருந்து எது என்ற பேதம் தெரியாது. சிறிய மூலக்கூறாக, இரத்தத்தில் தனியாக மிதக்கும் மருந்தை அது இழுத்துவிடும். அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து தப்பிவிடும்.

லெவெடிராசெட்டம்

இப்போது அதிகம் எழுதப்படும் மருந்து இது. புரதத்தோடு 10 சதவீதம்கூட ஒட்டாது. சுமார் 66 சதவீதம் அப்படியே சிறுநீரில் போகும். ஆகவே சிறுநீரகம் பழுதானவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால், தேங்கி, தூக்கமும் குழப்பமும் உண்டாகும். மறுபுறம், 4 மணி நேர டயாலிசிஸில் உடலிலுள்ள இம்மருந்தில் ஏறக்குறையப் பாதி வெளியேறிவிடும். காலையில் விழுங்கிவிட்டு டயாலிசிஸுக்குப் போனவருக்கு மாலையில் பாதுகாப்பு குறைந்திருக்கும். அதனால்தான் நாள் அளவைக் குறைத்து, டயாலிசிஸ் முடிந்தபின் கூடுதலாக 250 முதல் 500 மி.கி. வரை டாக்டர்கள் எழுதுகிறார்கள்.

ஃபெனிடாயின்

1938 முதல் வலிப்புக்குப் பயன்படும் பழைய மருந்து. சுமார் 90 சதவீதம் அல்புமினோடு ஒட்டியிருப்பதால் டயாலிசிஸில் அதிகம் போகாது. கூடுதல் வேளை பொதுவாகத் தேவைப்படாது. இதில் சிக்கல் வேறு. சிறுநீரக நோயில் அல்புமின் குறைகிறது. தேங்கிய கழிவுகளும் மருந்தை அதிலிருந்து தள்ளிவிடுகின்றன. ஒட்டாமல் மிதக்கும் பகுதி இரண்டு மூன்று மடங்காகும். மூளையில் வேலை செய்வது அந்தப் பகுதிதான். ஆனால் வழக்கமான இரத்தப் பரிசோதனை மொத்த அளவைத்தான் காட்டும். அது குறைவாக இருக்கிறதே என்று மருந்தைக் கூட்டினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். மிதக்கும் அளவைத் தனியே பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. வால்ப்ரோயேட் மருந்துக்கும் இதே குணம் உண்டு.

சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின் முழுக்கச் சிறுநீரகம் வழியே போவது. தேங்கினால் கைகால் வெட்டி இழுக்கும். வீட்டார் அதை வலிப்பு என்றே நினைத்துவிடுவார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

இரத்த அழுத்தம் நிலையாக இல்லாதவர்களுக்கு 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் டயாலிசிஸ் செய்வதுண்டு. அப்போது லெவெடிராசெட்டம் இடைவிடாமல் வெளியேறும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவருக்கான அளவு போதாது. அந்த இயந்திரத்தை நிறுத்தினாலோ, கூட்டிய அளவே அதிகமாகிவிடும். டயாலிசிஸ் முறை மாறும் ஒவ்வொரு தடவையும் மருந்தளவையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

நோயாளி கண் திறக்கவில்லை என்றால் மருந்து மிகுதியா, கழிவுத் தேக்கமா, கைகால் உதறாமல் மூளைக்குள் மட்டும் நடக்கும் வலிப்பா என்று இ.இ.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். இங்கே நமக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. இந்தி தெரியாத பாட்டி, நர்ஸ் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அது மயக்கமா, பாஷை புரியாததா? பார்வை நேரத்தில் தமிழில் பேசிப் பாருங்கள். பேச்சில் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மருந்தின் மூலப் பெயர், மி.கி., வேளை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோங்கள். ஊரில் ஒரு கம்பெனிப் பெயரிலும் இங்கே வேறு பெயரிலும் வாங்கி, ஒரே மருந்தை இரண்டாகச் சாப்பிடும் ஆபத்து உண்டு.

2. டயாலிசிஸ் நாளில் எந்த மாத்திரை முன்னே, எது பின்னே என்று சிறுநீரக டாக்டர், நரம்பியல் டாக்டர் இருவரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ, கூட்டவோ, குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பே வரலாம்.

மேலே சொன்ன அளவுகள் காரணம் புரிவதற்காகவே. உங்கள் வீட்டு நோயாளிக்குரிய அளவை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.