வளவுக்குள் ஒரு பாடகன்

ஒலுவில் துறைமுகத்தின் கல்லணை அருகே நிற்பவருக்கு அலையோசையே மேலோங்கிக் கேட்கும். ஆயினும் கரையை விட்டு ஊருக்குள் நடந்து, தென்னையும் முருங்கையும் மாவும் நிழல் பரப்பிய வளவுகளை அடைவாராயின், சுபஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில், உச்சிக் கிளையொன்றிலிருந்து ஏறியும் இறங்கியும் ஒலிக்கும் மதுரமான சீழ்க்கையை அவர் கேட்கலாம். அந்தக் கானத்துக்கு உரியது குண்டுகரிச்சான்.

ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் நீளமுள்ள இப்பறவையில், சேவலின் தலையும் மார்பும் முதுகும் நீலம் மினுங்கும் கருமை. வயிறும், சிறகில் ஓடும் பட்டையும், வாலின் ஓரங்களும் தூய வெண்மை. இலங்கைப் பெட்டை இந்தியப் பெட்டையினும் கருமை மிகுந்தது. மார்பின் சாம்பல் நிறத்தைக் கொண்டே அதனைச் சேவலினின்றும் பிரித்தறிகிறோம்.

பாடுவது உச்சியிலாயினும் இதற்கு ஆகாரம் தரையிலேயே கிடைக்கிறது. தாழ்ந்த கிளையிலிருந்து கிணற்றடிச் சருகுகளின் மேல் இறங்கி, வாலை நிமிர்த்தி, இரண்டு தத்துத் தத்தி நின்று, தலையைச் சாய்த்து நோக்கி, வெட்டுக்கிளியையோ புழுவையோ சட்டெனக் கவ்விக்கொள்ளும். மரப்பொந்திலோ சுவர்த் துவாரத்திலோ வேரும் புல்லும் பரப்பி, நீலப்பச்சையில் கபிலப் புள்ளியிட்ட மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும். பெட்டை மட்டுமே அடைகாக்க, சேவல் எல்லையைக் காத்துப் பாடி, பிற சேவல்களை விரட்டும்.

வங்காளதேசம் தன் தேசியப் பறவையாகக் கொண்டாடும் இந்த ஜீவன், சிங்கப்பூரிலோ கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடிக்கப்பட்டதாலும் அரிதாகியது. நம் பிரதேசத்தில் இதற்கு நேரக்கூடிய ஆபத்து வேறு வகையானது. 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயில் மணல் சேர, அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் கடலில் சாய்ந்தன. அவ்வாறு கரை இழந்த மரங்களை மீட்பது தனியொருவரால் ஆகாத காரியம்; எஞ்சிய வளவுகளோ நம் கையிலேயே உள்ளன. குண்டுகரிச்சான் பெருங்காட்டைக் கேட்பதில்லை. பொந்துள்ள முதுமரமொன்றும், பூச்சிகள் வாழும் சருகு கிடக்கும் மூலையொன்றுமே அதற்குப் போதும். பட்டதென்று மரத்தைத் தறிக்குமுன் அதன் பொந்தைப் பார்ப்பதும், சருகு முழுவதையும் கூட்டி எரிக்காமல் வேலியோரம் சிறிது விட்டுவைப்பதும் செலவில்லாத தர்மங்கள். வளவுடைய ஒவ்வொருவரும் அவற்றை இன்றே தொடங்கலாம்.