தமிழ்ப் பெயரில் தடுக்கும் பேக்கப்

நாகலாபுரத்தில் மார்ச் மாதம் மூன்று நாள் மாலை வெயில் வேதநாராயணரின் கருவறை வரை நுழையும். முதல் நாள் பாதம், மறுநாள் நாபி, மூன்றாம் நாள் திருமுகம். அந்த விழாப் படங்களை ‘நாகலாபுரம் வேதநாராயணசுவாமி கோயில் சூரிய பூஜை மூன்றாம் நாள்’ என்ற ஃபோல்டரில் வைத்திருப்பதாகக் கொள்வோம். விண்டோஸ் கணினியில் தொல்லையே இராது. இரவு ஓடும் பேக்கப் மென்பொருள் அதை வீட்டு நாஸ் பெட்டிக்கு (வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டிக்கு) நகலெடுக்கும்போது மட்டும் தாண்டிப் போய்விடலாம்.

விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடமுண்டு. லினக்ஸில் இயங்கும் பெட்டிகளிலோ வரம்பு 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செலவாகும். ‘நா’ என்பது ‘ந’வும் துணைக்காலும் சேர்ந்த இரு குறிகள், ஆக 6 பைட். நாகலாபுரம் என்ற ஆறெழுத்துக்கு 30 பைட். மேற்படி முழுப்பெயர் 162 பைட்டைத் தொடுகிறது. சாதாரண லினக்ஸ் வட்டு இதை ஏற்கும். ஆனால் ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய ஃபோல்டர் 143 பைட்டுக்கு மேல் ஏற்காது. பெயரைச் சுருக்குவதோ ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புவதோதான் வழி.

‘கோயில்’ இன்னும் நுட்பமான இடம். ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பழைய மேக் வட்டுகள் பெயரை இரண்டாகப் பிரித்தே சேமித்தன. அப்படி வந்த ஃபோல்டரை, மென்பொருள் அமைப்பில் கையால் தட்டிய பெயர் கண்டுகொள்ளாமல் போகலாம். பெயரைத் தட்டாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது. பேக்கப் தவற வேறு காரணங்களும் உண்டு; வெளி வட்டின் டிரைவ் எழுத்து மாறுவது, திறந்திருக்கும் கோப்பு பூட்டிக்கொள்வது போன்றவை லாக் கோப்பைப் படித்தாலே தெரிந்துவிடும்.

அந்த லாக்கை யார் படிக்கிறார்கள் என்பதே என் கவலை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. தினசரி பேக்கப் இருக்கும் என்று தேடினார்கள், இல்லை. 9.6 பதிப்புத் தரவுத்தளத்தை 9.2 பதிப்புக் கருவி நகலெடுக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் எட்டவில்லை. வேறு வேலைக்காக ஒரு பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

ஆகவே மாதம் ஒரு முறை, நீளமான தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டர் ஒன்றை வேறொரு வட்டில் மீட்டெடுங்கள். மூலத்தோடு கோப்புகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா பாருங்கள். நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள்.