ஒரு கார்டுக்கு மட்டும் கொடுத்த முகவரி

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு பார்சல் அனுப்பினேன். அவரை எனக்குத் தெரியாது. போஸ்ட்கார்டு பரிமாற்றத்தில் கணினி குலுக்கிப் போட்டுக் கொடுத்த முகவரி அவருடையது. என் கார்டு போய்ச் சேர்ந்ததும் நாலு வரி நன்றி எழுதியிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தையல் வேலையில் பிரியம் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நோட்டில் குறித்து வைத்திருந்த முகவரியை எடுத்து, ஒரு சுங்குடித் துணி, கொஞ்சம் ஸ்டாம்ப், ரெண்டு பக்கக் கடிதம் எல்லாம் கட்டி அனுப்பிட்டேன். சர்ப்ரைஸ் ஆச்சே, அதனால் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆறேழு வாரம் கழித்து ரொம்ப மரியாதையான ஒரு பதில் வந்தது. பார்சல் சுங்க அலுவலகத்தில் நின்றுவிட்டதாம். உள்ளே என்ன, யார் அனுப்பியது, எதற்காக என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வந்திருக்கிறார். துணி அழகாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, கடைசியில் இதையும் சொல்லியிருந்தார்: இதற்கு ஈடாகத் திருப்பி அனுப்ப தன் பென்ஷனில் முடியாது, தயவுசெய்து இனிமேல் அனுப்ப வேண்டாம்.

நான் பரிசு என்று நினைத்து அனுப்பியது அவருக்குக் கடனாகப் போய் இறங்கியிருக்கிறது. எப்படி அப்படி ஆச்சு என்று யோசித்தபோது எழுதிவைத்த குறிப்புகள்தான் இவை.

வட்டமாகப் போகும் கணக்கு

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: போஸ்ட்கிராஸிங் என்பது முகம் தெரியாதவர்கள் உலகம் முழுக்க அஞ்சலட்டை பரிமாறிக்கொள்ளும் ஒரு தளம். 2005 ஜூலை 14 அன்று பாவ்லோ மகல்யாய்ஷ் என்ற போர்ச்சுகீசியர் தொடங்கியது. நீங்கள் ஒரு முகவரி கேட்டால், எங்கோ ஒரு நாட்டிலிருக்கும் ஒருவருடைய முகவரியும், அந்தக் கார்டுக்கென்று ஒரு அடையாள எண்ணும் கிடைக்கும். எண்ணைக் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். வாங்கியவர் அந்த எண்ணைத் தளத்தில் பதிவு செய்வார். பதிவானதும், வேறு யாரோ ஒருவருக்கு உங்கள் முகவரி போகும். புதிதாகச் சேர்ந்தவர் ஒரே சமயத்தில் ஐந்து கார்டுகள்தான் அனுப்ப முடியும், போகப்போக எண்ணிக்கை கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவர் உங்களுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அவருக்கு உங்கள் முகவரியே காட்டப்படுவதில்லை. நான் ஜெர்மனிக்கு அனுப்பினால், எனக்கு ஃபின்லாந்திலிருந்தோ தைவானிலிருந்தோ வரும்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-இல் பரிசு பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பரிசு என்பது இலவசம் மாதிரி தெரிந்தாலும் அதற்குள் மூன்று கட்டாயங்கள் உண்டு என்பது அவர் வாதம்: கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு பிரான்சு வரை போக வேண்டாம், வீட்டு பீரோவில் இருக்கும் மொய் நோட்டே போதும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பெயரோடு இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டாதவர் யார்?

போஸ்ட்கார்டு பரிமாற்றத்தில் இந்த நோட்டு கிடையாது. நான் உனக்கு, நீ எனக்கு என்பதற்குப் பதிலாக, நான் உனக்கு, நீ இன்னொருவருக்கு, எனக்கு வேறொருவர் என்று வட்டமாகப் போகிறது. யாரும் யாருக்கும் நேரடியாகக் கடன்படுவதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவரும், கையில் காசு குறைவாக இருப்பவரும் தைரியமாக இதில் சேர முடிவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அனுப்பினது ஒரு கார்டு, வந்தது ஒரு கார்டு, கணக்கு முடிந்தது.

எதிர்பாராத கூடுதல் தபால் இந்த வட்டத்தை வெட்டி, இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறது. இப்போது அந்த அம்மாவுக்கு என் பெயர் தெரியும், முகவரி தெரியும், துணியின் மதிப்பும் தோராயமாகத் தெரியும். சும்மா இருந்தால் மனசு உறுத்தும். மொய் நோட்டு திறந்தாச்சு.

முகவரி யாருடையது?

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். அந்த முகவரி எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு வேலைக்காக, ஒரு கார்டு அனுப்ப. அந்தக் கார்டு போய்ச் சேர்ந்ததும் அந்த அனுமதியும் முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி சாவி கொடுத்தால், அவர் திரும்பி வந்த பிறகும் அதே சாவியைப் போட்டுத் திறந்து பலகாரம் வைத்துவிட்டு வருவோமா? பலகாரம் நல்ல பலகாரம்தான், ஆனாலும் அவருக்குப் பகீர் என்றிருக்கும்.

தனியாக வாழும் ஒரு பெண்ணின் இடத்தில் இருந்து இதைப் பாருங்கள். எதிர்பார்த்த கார்டு வந்தது, நன்றி சொல்லியாச்சு. ஒரு மாசம் கழித்து அதே ஆளிடமிருந்து ஒரு உறை. அடுத்து பிறந்தநாள் வாழ்த்து. அனுப்புகிறவர் மனசில் அன்பு மட்டும்தான் இருக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிவது, ஒரு அந்நியர் தன் முகவரியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார் என்பதுதான். சுயவிவரத்தில் பிறந்த தேதி போட்டிருப்பதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேட்காமல் வரும் பொட்டலம் என்றாலே சந்தேகப்பட இன்றைக்குக் காரணமும் இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் பலருடைய வீட்டுக்குக் கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் வந்து இறங்கின. பெரும்பாலும் சீன முத்திரையோடு. நட வேண்டாம், ஒப்படையுங்கள் என்று வேளாண் துறை அறிவித்தது. போலியான விற்பனையும் போலி மதிப்புரையும் காட்டுவதற்காக முன்பின் தெரியாதவர்களுக்குப் பொருள் அனுப்பும் மோசடியாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது.

சுங்கமும் தபால் விதியும்

கார்டும் கடிதமும் ஆவணம், அதனால் சுங்கப் படிவம் தேவையில்லை. துணி, பொம்மை, சாக்லேட் என்று பொருள் எதையாவது வைத்தவுடன் நிலைமை மாறுகிறது. சிறிய பொருட்களுக்கு சி.என். 22 என்ற படிவம் ஒட்ட வேண்டும். அதில் என்ன பொருள், எத்தனை, எடை, மதிப்பு எல்லாம் எழுத வேண்டும். நான் செய்த தப்பு, 'கிஃப்ட்' என்று ஒரே வார்த்தை எழுதியது. அது எதற்காக அனுப்புகிறோம் என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருப்பது என்ன என்பதைச் சொல்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரை விலக்கு இருக்கிறது. ஆனால் பரிசு என்பது படிவத்தைப் பார்த்தால் நம்பும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலைச்சலும் செலவும் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

விதை, காய்ந்த பூ, இலை எதையும் வைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டும் இதில் ரொம்பக் கடுமை. புத்தகத்தில் அழுத்திக் காயவைத்த பூ நமக்குக் கவிதையாகத் தெரியும், அங்கே அது தாவரப் பொருள். சாதாரணக் கடிதத்தில் நாணயமோ ரூபாய் நோட்டோ வைப்பதும் உலக அஞ்சல் விதிப்படி கூடாது.

அப்போ அனுப்பவே கூடாதா?

அனுப்பலாம். முதலில் கேட்டுவிட்டு அனுப்பலாம், அவ்வளவுதான். நேரடிப் பரிமாற்றத்தில் ஆர்வம் உண்டா என்று சுயவிவரத்தில் சொல்ல வழி இருக்கிறது. 'இல்லை' என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடலாம். ஒன்றும் சொல்லவில்லையா? தளத்தின் வழியாக ஒரு செய்தி: "உங்கள் தையல் பற்றி எழுதியது பிடித்தது. இங்கே கிடைக்கும் ஒரு துண்டுத் துணி அனுப்பட்டுமா? பதிலுக்கு ஒன்றும் வேண்டாம். விருப்பம் இல்லையென்றால் இதற்குப் பதில் எழுதக்கூட வேண்டாம்." இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுப்பதற்கு அவர் சிரமப்படக் கூடாது. பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். இரண்டாவது முறை கேட்க வேண்டாம்.

கூடுதலாக ஏதாவது தரத்தான் வேண்டும் என்றால், அந்த முதல் கார்டோடேயே வைப்பது நல்லது. பழைய ஸ்டாம்ப் நாலு, ஒரு காகிதப் புத்தகக்குறி, கையால் எழுதிய சமையல் குறிப்பு என்று தட்டையாக, மலிவாக, பிடிக்காவிட்டால் தூக்கிப் போடக்கூடியதாக இருக்கட்டும். ஆனால் அதற்கு உறை வேண்டும். ஸ்டாம்பும் முத்திரையும் கார்டின் மேலேயே விழ வேண்டும், உறை வேண்டாம் என்று பலர் எழுதி வைத்திருப்பார்கள், அதைப் படித்துவிடுங்கள். விளம்பரம், மதப் பிரசுரம், உதவி கேட்கும் கடிதம் எதுவும் கூடாது. சிறுவர்கள் இருக்கும் வீடு, பள்ளி வகுப்பு என்றால் கார்டோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

இன்னொரு வழியும் இருக்கிறது. மனசில் பொங்குகிற அந்த உற்சாகத்தை அடுத்த கார்டில் போடுங்கள். அடுத்த முகவரி யாருடையதோ, அவருக்காக நல்ல ஸ்டாம்பாகத் தேடி, இடம் விடாமல் எழுதுங்கள். இந்த ஏற்பாடே அப்படித்தானே ஓடுகிறது.

நமக்கு வந்தால்?

நன்றி என்று ஒரு வரி போதும். திருப்பி அனுப்பும் கட்டாயம் எதுவும் இல்லை, குற்ற உணர்ச்சியும் தேவையில்லை. வேண்டாம் என்று தோன்றினால் அந்த அம்மா மாதிரி நேராக, மரியாதையாகச் சொல்லிவிடலாம். அதற்கப்புறமும் தொடர்ந்தால் உறைகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, தளத்தை நடத்துகிறவர்களிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் தளத்தின் வழியாகவே மன்னிப்புக் கேட்டேன். பதில் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். அவரும் எழுதவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் அவரிடமிருந்து ஒரு செய்தி: உங்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பலாமா?

என் பார்சலின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி முழுசாக இருந்தது. அது கையில் இருந்தும் கேட்டார்.