பெருங்காமநல்லூர்: விடை பெறாத வினாக்கள்

சென்ற ஆண்டு ஏப்ரல் திங்கள் 3-ஆம் நாள் எம் விடுதித் தோழர் ஒருவர் காலையிலேயே ஊருக்குப் புறப்பட்டார். காரணம் வினவினோம். பெருங்காமநல்லூரில் அன்று நினைவு நாளென்றும், துப்பாக்கிக் குண்டுக்கு இரையான முன்னோர்க்கு மலர் சூட்டத் தம் உறவினர் கூடுவரென்றும் கூறினார். "மாண்டவர் எத்தனை பேர்?" என்றார் ஒருவர். "16" என்றார் அவர். 17 எனத் தாம் படித்ததாக மற்றொருவர் உரைத்தார். இன்னொருவரோ அவ்வூரின் பெயரையே அன்றுதான் கேள்வியுற்றார். யான் திருப்பரங்குன்றத்தில் பிறந்தவன். ஒரு பகலிற் சென்று மீளத்தக்க தொலைவில் நிகழ்ந்ததொன்றைப் பற்றி ஒரு தொகையேனும் உறுதியாகக் கூற இயலாமை எனக்கு நாணத்தைத் தந்தது. அந்நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெருங்காமநல்லூர் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில், பிறமலைக் கள்ளர் வாழும் சிற்றூர். ஆங்கிலேய அரசு 1911-ஆம் ஆண்டில் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு குலத்திற் பிறந்தமையையே குற்றத்திற்குப் போதிய அடையாளமாகக் கொண்டது. அரசு ஓர் அறிவிக்கையால் ஒரு குலத்தைக் 'குற்றப் பரம்பரை' என்று சாற்றிவிடின், அக்குலத்தார் தம் பெயரையும் கைரேகையையும் பதிவேட்டிற் பதிதல் வேண்டும். குறித்த காலங்களில் அதிகாரிகள்முன் தோன்றல் வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். நாட்டு மக்கள் இதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். 1914-இல் எம் குன்றுக்கு அணித்தாகிய கீழக்குயில்குடியில் அது புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளிற் பிறமலைக் கள்ளர் அனைவர்மேலும் பரந்தது. களவு செய்தவனைத் தண்டிக்க வேறு சட்டங்கள் முன்பே இருந்தன. களவு செய்யாதவனையும் கண்காணிக்க வந்தது இச்சட்டம்.

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், கைரேகை பதிவதற்காகப் போலீசார் பெருங்காமநல்லூருக்குச் சென்றனர். உழுது பிழைக்கும் தாம் குற்றவாளிகள் அல்லர் என்று கூறி ஊரார் மறுத்தனர். கூட்டம் பெருகிற்று, துப்பாக்கிகள் முழங்கின, பலர் மாண்டனர். மாண்டோருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். இவ்வளவும் எத்தரப்பினரும் மறுக்காதவை.

இதற்கு மேற் செல்லின் வினாக்கள் எழுகின்றன. முதலாவது, மாண்டோர் தொகை. 16 என்பார் பலர். 17 என்பாரும் உளர். அதனிற் குறைத்துக் கூறுவாரும் உளர். இரண்டாவது, சுட நேர்ந்தமைக்குக் காரணம். கூட்டம் தாக்க முற்பட்டதென்பது அரசுத் தரப்பு. தம் விரலை நீட்ட மறுத்ததே தம் முன்னோர் செய்த பிழை என்பது ஊரார் தரப்பு. மூன்றாவது, மாயக்காளின் சாவு. குண்டடிபட்டுக் கிடந்தோர்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் அவர் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அது மெய்யாயின், தாக்க வந்தோரைச் சுட்டோம் என்னும் விளக்கம் அவர் திறத்தில் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாக்களுக்கு அன்றே விடை காண வழியில்லையோ எனின், வழி இருந்தது. இதற்கு ஓராண்டுக்குப் பத்து நாள் குறைவான காலத்திற்கு முன், 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், அமிர்தசரசு நகரத்து ஜாலியன்வாலா பாக்கில் கொடிய படுகொலை நிகழ்ந்தது. மாண்டோர் 379 பேர் என்றது அரசு. ஏறத்தாழ 1000 பேர் என்றது காங்கிரசு நடத்திய விசாரணை. ஆயினும் ஹண்டர் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமர்ந்தது. ஜெனரல் டயர் அதன்முன் வந்து, 1650 குண்டுகள் சுடப்பட்டமையையும், கலைந்து செல்லுமாறு முன்னெச்சரிக்கை செய்யாமையையும் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். தொகை பற்றிய வழக்கு நீங்கவில்லை. ஆனால் ஆணையிட்டவர் யார், எச்சரித்தனரா என்னும் ஐயங்கள் நீங்கின. விசாரணை எல்லா ஐயத்தையும் போக்குவதன்று. ஐயத்தின் எல்லையைச் சுருக்குவது. பெருங்காமநல்லூருக்கோ அத்தகைய குழுவொன்றும் அமரவில்லை. ஆகவே அங்கு ஐயம் சுருங்காது, தலைமுறை தலைமுறையாகப் பெருகிற்று.

இதற்கு வேரும் அச்சட்டத்திலேயே உண்டு. ஒரு குலத்தைக் குற்றப் பரம்பரையென்று சாற்றும் அறிவிக்கை செல்லுமா, செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் வினவுதல் கூடாது என்று அது விதித்தது. வினாவுக்கே இடமில்லாத சட்டத்தின்கீழ் நிகழ்ந்த சாவுக்கு விடை எங்ஙனம் கிட்டும்? இவ்விருளில் துணிந்து வினவியவர் சிலரே. மதுரையில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப் அவருள் ஒருவர். திருவாங்கூர்ச் சீமையிற் பிறந்த கிறிஸ்தவராகிய அவர், பிறமலைக் கள்ளர்க்காக மன்றத்தினும் எழுத்தினும் வாதாடினார். அம்மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல். அதைக் காண அவர் இல்லை. 1938-இல் மதுரையிலேயே மறைந்தார்.

பழங்கதையை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2018-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் தூத்துக்குடியில், ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளன்று, போலீசார் சுட்டனர். அந்நிகழ்ச்சியில் 13 பேர் உயிர் துறந்தனர். சுடுமாறு ஆணையிட்டவர் துணை வட்டாட்சியர்கள் என்று முதல் தகவல் அறிக்கைகள் கூறின. மக்கள் அதனை எளிதில் நம்பவில்லை. இம்முறை விசாரணை ஆணையம் அமைந்தது. நீதியரசர் அருணா ஜெகதீசன் அளித்த அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதலின்றிச் சுடப்பட்டது என்று அது கண்டது. போலீசார் 17 பேர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. மக்கள் கொண்ட ஐயம் வெறும் வதந்தியன்று என்பது இதனாற் புலனாகும். அதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. பெருங்காமநல்லூர் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

ஐயம் சான்றாகாது, இதனை மாணவராகிய நாம் மறத்தலாகாது. ஊரார் சொல்வதெல்லாம் மெய்யென்று கொள்வதும், ஏட்டில் உள்ளதெல்லாம் மெய்யென்று கொள்வதும் ஒரே தவறு. ஆயினும் ஐயம் எழுந்ததற்கு ஐயுற்றவரைக் குறை கூறுதல் முறையன்று. விடையை அறிந்தும் உரையாதவரே அதற்குக் காரணர். ஆராயாது இட்ட ஆணையால் ஓர் உயிர் பிரிந்தபோது, வினவ வந்த பெண்ணை உள்ளே விட்டு, அவள் சிலம்பை அவைமுன் உடைத்துக் காணவிட்ட பாண்டியனும் இம்மதுரையில்தான் இருந்தான். அவன் தவறினான், ஆனால் வினாவை மறுக்கவில்லை.

அன்று மாலை திரும்பிய தோழர், நினைவுத் தூணருகே நின்ற முதியவர் சிலர் தம் பாட்டனார் வாய்மொழியாகக் கேட்டவற்றைச் சொன்னதாகக் கூறினார். அவற்றை எழுதிவந்தீரோ என்று கேட்டேன். இல்லை என்றார். வரும் ஏப்ரலில் குறிப்பேட்டோடு இருவரும் சேர்ந்து செல்ல இசைந்துள்ளோம்.