பயிற்சி முடிந்த பிறகுதான் தொழில் தொடங்குகிறது

தை 5-ம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையார் மணலூர்பேட்டை வருவார்; தென்பெண்ணைக் கரையில் கூட்டம் நிறையும். கல்வராயன்மலை அருவிகளுக்கும் பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்குச் சாமைச் சோறு, தேன், புளி விற்க உங்கள் வீட்டுப் பெண்கள் பயிற்சி பெறலாம். ஆனால் சான்றிதழோடு நின்றுவிட்டால், வாங்கிய கடனுக்கு வட்டிதான் மிஞ்சும்.

1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளை, சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையமே, இன்று வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களுக்கு முன்மாதிரி. இங்கு பயிற்சி, உணவு, தங்குமிடம் இலவசம். பயிற்சிக்குப் பின் 2 ஆண்டுகள் தொடர்ந்து வழிகாட்டுவதும், கடன் பெற உதவுவதும் அவர்கள் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

உணவு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். தினமும் வரவு செலவு எழுதுங்கள். திருவிழா ஒரு நாள்தான்; மற்ற நாட்களுக்கு வாரச்சந்தை, உள்ளூர்க் கடைகளைப் பிடித்து வையுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களே, பயிற்சி பெற்றவர்களை 3 மாதத்துக்கு ஒருமுறை நேரில் பாருங்கள். எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பதைவிட, ஓராண்டு கழித்து எத்தனை பேர் தொழிலில் இருக்கிறார்கள் என்பதே சரியான கணக்கு.