பாதசாரியை வண்டி மோதினால் இழப்பீடு யார் தருவது?

ஜொகூரில் ஸ்கூடாயிலோ பாசீர் கூடாங் நெடுஞ்சாலையிலோ பேருந்தை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேம்பாலம் எட்டத்தில் இருக்கும். வண்டிகள் வேகம் குறைக்காது. முதல் ஷிப்டுக்கு ஓடும் தொழிற்சாலைத் தொழிலாளி, கோயிலுக்குப் போகும் பாட்டி, பள்ளி முடிந்து வரும் பிள்ளை என்று எல்லாரும் ஓர் இடைவெளி பார்த்துத்தான் கடக்கிறார்கள். அதில் ஒருவரை ஒரு கார் தட்டிவிட்டால் அநேகமாக நடப்பது இதுதான்: ஓட்டியவர் பதறிப்போய் இறங்கி வருவார், மன்னிப்புக் கேட்பார், "ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாங்க்கா, கிளினிக் செலவ நான் பாத்துக்கிறேன்" என்று இருநூறு வெள்ளியைக் கையில் திணிப்பார். நல்ல மனுஷராக இருக்கிறாரே என்று இவரும் வாங்கிக்கொள்வார். மறுநாள் கால் வீங்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு விரிசல் விட்டிருக்கும். கார் எண் யாருக்கும் நினைவிருக்காது.

அந்தப் பணத்தை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நம் மக்கள் பலருக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேராத செய்தி ஒன்று உண்டு. நடந்து போகிறவர் தனக்கென்று காப்புறுதி எடுக்காதவராக இருக்கலாம். ஆனால் அவரை மோதிய வண்டிக்குக் காப்புறுதி இருந்தே தீர வேண்டும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவு, மூன்றாம் தரப்பினரின் மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் காப்புறுதி இல்லாமல் எந்த வண்டியையும் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது. அந்த மூன்றாம் தரப்பினர் நீங்கள்தான். வழக்கு ஓட்டுநர் மேலும் வண்டி உரிமையாளர் மேலும் போடப்படும். தீர்ப்பான தொகையைக் கட்டும் பொறுப்பை 96ஆவது பிரிவு காப்புறுதி நிறுவனத்தின் மேல் வைக்கிறது. ஆகவே, "பாவம், அவரும் நம்மள மாதிரி சம்பளக்காரர்தானே, அவர் எங்க போவார்" என்று இரக்கப்பட்டு உரிமையை விட்டுவிடாதீர்கள். பணம் அவர் சட்டைப் பையிலிருந்து வரப்போவதில்லை.

பிறகு ஏன் பல வழக்குகள் தோற்கின்றன, அல்லது சொற்பத் தொகையில் முடிகின்றன? முதல் சில நாட்களில் சேர்த்திருக்க வேண்டியதைச் சேர்க்காததால்தான். வழக்கறிஞர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இல்லாத சாட்சியை அவரால் உண்டாக்க முடியாது.

முதல் வேலை வண்டி எண். கைத்தொலைபேசியில் எண் பலகையையும், வண்டி நின்ற இடத்தையும், சாலையையும் படம் எடுங்கள். உங்களால் முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரை எடுக்கச் சொல்லி, அவருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு அவர்தான் உங்கள் சாட்சி. எதிரே கடை இருந்தால் அன்றைக்கே யாரையாவது அனுப்பி சிசிடிவி பதிவைக் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடுவதால் கொஞ்ச நாளில் அது காணாமல் போகும்.

அடுத்தது போலீஸ் ரிப்போர்ட். விபத்து நடந்தால் வண்டியை நிறுத்தி, உதவி செய்து, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்கும் கடமை ஓட்டுநருக்கு உண்டு. அவர் செய்திருப்பார் என்று நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. அவர் ரிப்போர்ட்டில் அவர் தரப்புக் கதைதான் இருக்கும். நீங்கள் மருத்துவமனையில் படுத்திருந்தால் கணவரோ மகளோ போய்க் கொடுக்கலாம். எழுந்து நடமாடியதும் உங்கள் வாக்குமூலத்தைத் தனியாகக் கொடுங்கள்.

இந்த இடத்தில் நம் வயதானவர்கள் மிகவும் ஏமாந்துபோகிறார்கள். ரிப்போர்ட் மலாயில் எழுதப்படும். பாட்டி தமிழில் சொல்ல, கூட வந்தவர் அவசரத்தில் பாதியை மொழிபெயர்க்க, "நான் திடீரென்று சாலையைக் கடந்தபோது" என்று ஒரு வரி உள்ளே போய்விடும். பாட்டி சொன்னதோ, "ரெண்டு பக்கமும் பாத்துட்டு பாதி ரோட்டுக்கு வந்துட்டேன், அப்புறந்தான் கார் வந்துச்சு" என்பது. இரண்டு வருடம் கழித்து செஷன்ஸ் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுவார். கையெழுத்துப் போடும் முன் வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை, பக்கத்து வீட்டுக்காரரானாலும் சரி, கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, மருத்துவமனை. வலி பொறுத்துக்கொள்ளும்படி இருந்தாலும் அன்றே போங்கள். எங்கெங்கே வலிக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். முதல் நாள் குறிப்பில் இல்லாத முதுகு வலி ஆறு மாதம் கழித்து வந்தால், விபத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழும். எம்சி தாள், மருந்துக் கடை ரசீது, கிராப் கட்டணம், ஊன்றுகோல் வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். செலவுகளை ஆதாரத்தோடு நிரூபித்தால்தான் நீதிமன்றம் கொடுக்கும். தனியார் மருத்துவமனைக்குப் போனால், அரசு மருத்துவமனையில் ஏன் அந்தச் சிகிச்சை எடுக்கவில்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். காட்ட முடியாவிட்டால் தொகை குறையலாம்.

விசாரணை முடிந்ததும் போலீசிடமிருந்து சம்பவ இடத்தின் வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றைக் கட்டணம் கட்டி வாங்கலாம். இதை வழக்கறிஞரே செய்வார். வண்டி யார் பெயரில் இருக்கிறது, எந்த நிறுவனத்தில் காப்புறுதி என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் (ஜேபிஜே) தேடி எடுப்பதும் அவர் வேலைதான்.

போலீஸ் ஓட்டுநர் மேல் வழக்குப் போடவில்லை, அல்லது போட்டு அவர் விடுதலையாகிவிட்டார் என்றால் எல்லாம் முடிந்ததா? இல்லை. ஜொகூர் பாருவில் 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜாலான் லிங்காரான் டாலாமில் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் 8 பேர் கார் மோதி இறந்ததை நாடே அறியும். ஓட்டியவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் 6 ஆண்டு சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து விடுவித்தது. ஒரே சம்பவம், ஆறு வருடம், மாறி மாறித் தீர்ப்பு. குற்ற வழக்கு அப்படித்தான். நியாயமான சந்தேகம் எழுந்தாலே குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலை. இழப்பீட்டு வழக்கின் அளவுகோல் வேறு: யார் சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று மட்டுமே நீதிபதி எடை போடுவார். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்ட குடும்பங்களின் நிலை மிகவும் கொடுமையானது.

அந்தக் கெடுவைச் சொல்லிவிடுகிறேன். காயத்துக்கான வழக்கை 6 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஆள் இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்தவர்கள் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மோதியது அரசாங்க வண்டி என்றால், காயமானாலும் 36 மாதங்கள்தான். 6 ஆண்டு இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். சாட்சி ஊர் மாறிவிடுவார். வழக்குத் தொடுக்கும் முன்போ, தொடுத்த 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்ற விதியும் உண்டு. "நோட்டீஸ் அனுப்பியாச்சா?" என்று வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

தொகை எப்படி வருகிறது? வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை; இதற்கு முந்தைய தீர்ப்புகளையும், எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று வழக்கறிஞர் மன்றம் தொகுத்துள்ள பட்டியலையும் நீதிபதிகள் பார்ப்பார்கள். ஆன செலவுகள் தனி. வீட்டில் மகள் வேலையை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டால் அதற்கும் கேட்கலாம். பெரிய தொகை வருவது எதிர்கால வருமான இழப்பில்தான். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இதற்குக் கணக்கே கொடுத்திருக்கிறது: வயது 30 அல்லது அதற்குக் கீழே என்றால் 16 ஆண்டுகள், 31 முதல் 59 வரை என்றால் 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். முன்பு 55 என்றிருந்ததை 2019இல் 60 ஆக உயர்த்தினார்கள்.

36 வயதுக்காரர் ஒருவர், மாதம் 2,000 ரிங்கிட் சம்பளம், தன் சொந்தச் செலவு 600 என்று வைத்துக்கொள்வோம். இனி அவரால் எந்த வேலையும் செய்ய முடியாது என்று மருத்துவ அறிக்கை சொல்கிறது. 60இலிருந்து 36 போனால் 24, அதில் பாதி 12 ஆண்டு. 1,400ஐ 12 மாதத்தாலும் 12 ஆண்டாலும் பெருக்கினால் 201,600 ரிங்கிட். மேம்பாலம் இருந்தும் கீழே கடந்தார், அவர் மேல் கால் பங்கு தவறு என்று நீதிபதி முடிவு செய்தால் அது 151,200 ஆகும். கவனியுங்கள், குறைகிறதே ஒழிய இல்லாமல் போவதில்லை. "நீங்கதான் தப்பான இடத்துல கடந்தீங்க, ஒண்ணும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் உறுத்துவது ஒன்று. அடிபட்ட நேரத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கு மட்டுமே இந்த வருமானக் கணக்கு. நாள் முழுக்க வீட்டைச் சுமக்கும் அம்மாவுக்கும், 60 தாண்டியும் உழைக்கும் தாத்தாவுக்கும் இது இல்லை. சாலையில் அதிகம் நடப்பவர்களோ இவர்கள்தான். அதற்காக இவர்கள் வழக்கை விடக் கூடாது. வேதனைக்கும், பராமரிப்புக்கும், இனி ஆகவேண்டிய அறுவைச் சிகிச்சைக்கும் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. வீட்டில் பலகாரம் செய்து விற்றவர், பிள்ளை பார்த்துச் சம்பாதித்தவர் என்றால் அது வருமானம்தான். கணக்குப் புத்தகம், வங்கிப் பதிவு, வாடிக்கையாளரின் சாட்சி எதுவாவது இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். உயிரிழப்பு நேர்ந்தால், துயரத்துக்கென்று சட்டம் நெருங்கிய உறவினருக்குத் தரும் தொகை 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆக அதே திருத்தத்தில் உயர்ந்தது.

வேலைக்கு நடந்து போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் (பெர்கேசோ) உதவித்தொகையும் உண்டு. சொந்தக் காரில் போனால்தான் என்றில்லை, வழக்கமான வழியில் நடந்து போனாலும் பொருந்தும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும், அவரை நச்சரியுங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிமார்களிடம் சொல்லுங்கள். சொக்சோ வாங்கினால் வழக்கில் கழித்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். சட்டம் அதைக் கழிக்கச் சொல்லவில்லை.

மோதிவிட்டு ஓடிவிட்டார், அல்லது வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றால் மோட்டார் காப்புறுதியாளர் செயலகம் இருக்கிறது. 1968இல் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி, காப்புறுதி இல்லாத வண்டியால் அடிபட்டவரின் தீர்ப்புத் தொகைக்கு அது பொறுப்பேற்கும். ஓடிப்போன வண்டி எது என்றே தெரியாவிட்டால் கிடைப்பது கருணைத் தொகைதான், உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே அரைகுறையாக நினைவிருக்கும் எண்ணையும் வண்டி நிறத்தையும்கூடப் போலீசில் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் பதிவு வண்டி மோதினால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஜொகூரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அந்த வண்டிகளின் காப்புறுதி பொதுவாகத் தீபகற்ப மலேசியாவுக்கும் செல்லும். விபத்து இங்கே நடந்தால் வழக்கையும் இங்கேயே போடலாம்.

கடைசியாக, வார்டுக்கே தேடி வரும் 'அண்ணன்'களைப் பற்றி. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போதே விபத்தைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். "லாயரை நான் பாத்துக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, கிடைக்கிறதுல இத்தனை பங்கு எங்களுக்கு" என்பார். போடாதீர்கள். தரகர் மூலம் வழக்குப் பிடிப்பது வழக்கறிஞருக்குத் தடை செய்யப்பட்டது. வென்றால்தான் கட்டணம், வெல்வதில் இத்தனை விழுக்காடு என்று ஒப்பந்தம் போடுவதையும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு தடுக்கிறது. ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட், குளுவாங் எங்கும் விபத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நீங்களே அலுவலகத்துக்குப் போய், வழக்கறிஞரை நேரில் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுங்கள். கையில் காசில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் முதலில் ஆலோசனை கேளுங்கள்.

ஏற்கெனவே தரகரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளலாம். சமரசத் தொகை பேசி முடிக்கும் முன் உங்கள் சம்மதத்தை அவர் கேட்க வேண்டும். பணம் வந்ததும் காப்புறுதி நிறுவனம் கொடுத்தது எவ்வளவு, அவர் கட்டணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் புகார் செய்யலாம்.